ஊவாத் தோட்டக் கோயில்களின் உருவக்கலை

இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர் தம் வழிபாட்டுக்கென உருவாக்கிய சுதைச் சிற்பங்களையும், அவற்றின் வண்ண வேலையையும், விழாக்கால வேடக்கலையையும் உள்ளடக்கியது இக்கலை. பதுளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தைப் பகுதிகளில் மாரியம்மனுக்கோ முருகனுக்கோ ஒரு கோயிலாவது இல்லாத தோட்டம் அரிது.

இதன் தொடக்கத்தில் உருவம் என்று ஒன்றில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிகள் வழியே வந்தவர்கள், லயம் எனும் வரிசைக் குடியிருப்பின் ஓரம் ஒரு கல்லையோ சூலத்தையோ நட்டுக் கும்பிட்டார்கள். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்துத் தேயிலை வந்தபின், தொழிலே புதிய தெய்வங்களைத் தந்தது. தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்க ரோதைமுனி. தேயிலைச் செடியின் கிளைகளைக் கழிக்கும் கவ்வாத்து தொடங்கும் நாளில் படையல் ஏற்கக் கவ்வாத்துச் சாமி. கொழுந்து தழைக்கக் கொழுந்துச் சாமி. ஊரிலிருந்து கொண்டுவந்த மாரியையும் முனியாண்டியையும்விட, இந்த மண்ணிலேயே பிறந்த இச்சாமிகள்தாம் மலையகக் கற்பனையின் தனிச்சொத்து. கோயிற்கலை பற்றிய நூல்களில் இவற்றுக்கு உரிய இடம் கிடைக்காதது பெருங்குறை.

கோபுரமும் விமானமும் எழுந்தபோது சுதை வேலை வந்தது. கம்பியை வளைத்து எலும்புக்கூடு கட்டி, செங்கல் துண்டும் சீமெந்துச் சாந்தும் அப்பி, ஈரம் காயுமுன் சிறு கரண்டியால் விரலையும் நகையையும் மடிப்பையும் வடித்தெடுப்பார்கள். காய்ந்ததும் வெள்ளை பூசி, அதன்மேல் பச்சை, நீலம், ரோசா என வண்ணம் ஏற்றுவார்கள். கண் கடைசியில்தான் திறக்கும். சிற்பம் செய்தவரே வண்ணம் தீட்டியவராகவும் இருந்த இடங்கள் உண்டு. ஆயினும் ஒவ்வொரு குடமுழுக்குக்கும் புதுப்பூச்சு ஏறுவதால் முதற்கையின் நுட்பம் சாயத்துக்குள் புதைகிறது. செய்தவர் பெயர் கல்லில் வெட்டப்படுவதில்லை. உபயகாரர் பெயரே வெட்டப்படுகிறது.

மாசியில் ஆடும் காமன் கூத்தில் இதே வண்ண உணர்வு மனித முகங்களுக்கு இடம் மாறுகிறது. ரதி, மன்மதன், சிவன், யமன் வேடங்களுக்கு முகமெழுதுபவரும், காமன் கம்பத்தை நட்டு அலங்கரிப்பவரும் தோட்டத்துத் தொழிலாளரே. சிவன் மன்மதனை எரிக்கும் தகனத்தோடு கம்பத்து வேலை எரிந்துபோகும். அடுத்த ஆண்டு மீண்டும் செய்வார்கள்.

எரிந்தது மீளும், புதைந்தது மீள்வதில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு தோட்டக் கோயிலும் மண்ணுக்குள் போனது. சரிவு அபாயம் எச்சரிக்கப்பட்ட மலைகளிலேனும் கோயில் உருவங்களைப் படமெடுத்துப் பதிவு செய்வது அவசரப் பணி.

கோயிலுக்கு வெளியே, கலைக்கல்வி பெற்ற மலையக ஓவியர்கள் அண்மையில்தான் வெளியே தெரிய வந்தார்கள். அவர்களுள் ஹட்டனில் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம் குறிப்பிடத்தக்கவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் பயின்ற இவர், தேயிலைச் சாயத்தின் கறையையே ஊடகமாக்கித் தோட்டப் பெண்களின் உழைப்பைப் பேசுகிறார். ஹட்டன் ஊவாவுக்கு வெளியே, மத்திய மாகாணத்தில் உள்ளது. ஆனால் லயமும் கொழுந்துக் கூடையும் இரு மாகாணத்துக்கும் பொது. கோயிற் கரண்டி பிடித்த கைகளுக்கும் இத்தலைமுறைக்கும் இடையிலான தொடர்ச்சி இன்னும் எழுதப்பட வேண்டிய வரலாறு.