கருவி வாங்கும் வேளை

கரடியூரில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில்தான் இசை மென்பொருள் நிறுவனங்களின் ஆண்டிறுதித் தள்ளுபடியும் வருகிறது. குறும்படங்களுக்கு இசையமைக்கும் எனக்கு, பழம் விற்ற பணத்தில் ஒரு பங்கை இன்னுமொரு ஒலித்தொகுப்புக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழும். இது புதிய கேள்வியன்று. நமக்கு முன் கருவி வாங்கியவர்கள் இதற்கு எப்படி விடை கண்டார்கள் என்று சற்றே திரும்பிப் பார்க்கலாம்.

ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம், 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் தரையில் அமர்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக உருமாறியது. நாடகக் குழுக்களுக்கு அது பெரிய வசதி: ஒரே ஆள், ஒரே பெட்டி, கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்கும் சுருதி. ஆனால் இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட நுண்சுரங்களையும் கமகத்தின் அசைவையும் அதனால் தர இயலாது. இக்குறையைச் சுட்டி அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்தது. 1971 வரை தடை நீடித்தது. விந்தை என்னவென்றால், அதே ஆண்டுகளில் தமிழ்த் திரையின் எத்தனையோ மெட்டுகள் ஆர்மோனியத்தின் முன்தான் பிறந்தன. இசையமைப்பாளர்கள் மெட்டைத் தேடப் பெட்டியை வைத்துக்கொண்டார்கள். கமகத்தைப் பாடகரின் குரலுக்கும் வயலினின் வில்லுக்கும் விட்டார்கள். கருவியின் எல்லையை அறிந்து வாங்கியவர்களுக்கு அதன் குறை தடையாகவில்லை.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில், மலை தொடங்குமுன் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம் அது. படப்பிடிப்பு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என யாவற்றுக்கும் சென்னையை நம்பியிராமல், ஒரே வளாகத்துக்குள் அவர் கருவிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். ஜி. ராமநாதன் இசையமைத்த 'மந்திரி குமாரி' 1950இலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இலும் அங்கிருந்து வந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் காத்திருந்ததால் அந்த முதலீட்டுக்குப் பொருள் இருந்தது. சுந்தரம் 1963இல் மறைந்தார். இன்று அந்தக் கருவிகள் இல்லை, பாடல்கள் இருக்கின்றன.

1983இல் மிடி என்னும் பொது ஏற்பாடு வந்தபின், ஒரு விசைப்பலகையும் கணினியும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினிவழி இசையைப் பயன்படுத்தினார். அவர் குழுவில் விசைப்பலகை வாசித்த இளைஞர் திலீப், பின்னாளின் ஏ. ஆர். ரஹ்மான். இளையராஜா அதன்பின்னும் ஆர்மோனியத்தையும், கைப்பட இசைக்குறிப்பு எழுதும் வழக்கத்தையும் கைவிடவில்லை. புதியது வந்தது என்பதற்காகப் பழையதைக் கழிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

ரஹ்மானின் கதை நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. மலையாளப் படங்களுக்கு இசையமைத்த அவர் தந்தை ஆர். கே. சேகர் 1976இல் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் பிழைத்தது. பின்னர் ஒலிப்பதிவுக்கூடம் கட்டியபோது, குளிர்சாதனமும் அலமாரியும் கம்பளமும் இருந்த அறையில் கருவி வாங்கப் பணமின்றி உட்கார்ந்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தாயார் தம் நகைகளைக் கொடுத்தே முதல் ஒலிப்பதிவுக் கருவி வந்தது. கவனிக்க வேண்டிய செய்தி இது: ஒலியெழுப்ப அவருக்குக் கைகளும் கருவிகளும் இருந்தன, எழுப்பிய ஒலியைத் தம் விருப்பப்படி அடுக்கிச் சேமிக்க வழிதான் இல்லை. நகை போனது அந்த இடைவெளியை அடைக்க. 'ரோஜா' 1992இல் வந்தது.

1996இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி முறையை அறிமுகப்படுத்தியபின் நிலைமை வேறாகியது. நாளடைவில் கருவிகள் உடலை இழந்து கோப்புகளாயின. வைக்க இடம் வேண்டாம், தூக்க ஆள் வேண்டாம். எனவே போதும் என்று சொல்வதற்கான புறக்காரணம் எதுவும் இல்லாமற்போயிற்று. ஒரு தாயின் வளையல் அளவுக்கு யோசித்து வாங்கப்பட்ட பொருள், நள்ளிரவில் ஒரு விரலசைவில் வாங்கப்படுகிறது. மறுபுறம், இந்தக் கோப்புகள் வந்ததால் வேலையிழந்த வயலின் கலைஞர்களையும் தாளக் கலைஞர்களையும் நாம் மறந்துவிட முடியாது.

என் கணினியில் உள்ள ஒலித்தொகுப்புகளை இவ்வாண்டு எண்ணிப் பார்த்தேன். பாதியை ஒருமுறைகூட முழுதாகத் திறந்ததில்லை. எந்தத் தொகுப்பிலும் இல்லாத ஒலி என் வீட்டைச் சுற்றியே இருக்கிறது: காப்பிச் செடியின் இலைமேல் விழும் மழை, மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இம்மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் திரளும்போது எழும் மேளம். அதைப் பதிவுசெய்ய என்னிடம் நல்ல ஒலிவாங்கி இல்லை.

ஆகவே தள்ளுபடி முடியட்டும் என்று விட்டுவிட்டேன். பழம் விற்ற பணத்தில் ஓர் ஒலிவாங்கி வாங்குவேன். மீதியை மேளம் வாசிப்பவர்களுக்கென எடுத்துவைத்திருக்கிறேன், அவர்கள் பதிவுக்குச் சம்மதித்தால்.