நொய்யல் சாயக்கழிவு எதிர்ப்பு இயக்கம்

திருப்பூரின் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் விட்ட கழிவுநீரால் நொய்யல் ஆறும் அதை நம்பிய கிணறுகளும் பாழானதை எதிர்த்து, ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள் 1990களின் நடுவில் தொடங்கிய இயக்கம். பெரும்பகுதி நீதிமன்றத்தில் நடந்தது. ஆனால் அதன் வேர் வயலிலும் கிணற்றிலும்தான். ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆலையை விட்டு வெளியே போகக் கூடாது என்ற விதிக்குத் திருப்பூர் நகரம் முழுவதும் கட்டுப்பட நேர்ந்தது இந்த விவசாயிகளால்தான். தண்ணீரில் தொடங்கிய வழக்கு இன்று வேறொரு கேள்வியில் வந்து நிற்கிறது: ஆற்றுக்குப் போகாமல் தடுத்த கழிவு எங்கே போகிறது, எங்கே எரிகிறது?

இடம்

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியே ஓடி, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே தாங்கிய நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது. பேரூர்ப் புராணம் இதைக் காஞ்சிமாநதி என்று சொல்லும். சங்க காலத்தில் மணிக்கற்களுக்குப் பேர்பெற்ற கொடுமணல் இதன் கரையில்தான் இருந்தது.

திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவே உள்ள திருமுருகன்பூண்டி, சுந்தரர் பாடல் பெற்ற தலம். ஊரின் ஒரு பக்கம் கல் சிற்பக்கூடங்கள், மறுபக்கம் பனியன் கம்பெனிகள். 2021இல் இது நகராட்சியானது. இப்பகுதியின் நல்லாறு மழைநீரை நஞ்சராயன் குளத்துக்குக் கொண்டுசெல்கிறது. பறவைகள் சரணாலயமான அந்தக் குளம் 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே திருமுருகன்பூண்டியின் சாக்கடையில் விழுவது அந்த ஊரோடு நிற்பதில்லை. நொய்யல் படுகையில் மேலூர் செய்வதைக் கீழூர் குடிக்கிறது. இந்த இயக்கத்தின் பூகோளம் இவ்வளவுதான்.

சாயமும் உப்பும்

திருப்பூர் முதலில் வெள்ளை பனியனின் ஊர். நூலை வெளுக்கச் சலவைப்பட்டறைகள் இருந்தன. அவற்றின் கழிவும் நல்லதல்ல, ஆனால் அளவு குறைவு. 1970களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர்கள் வரத் தொடங்கி, 1980களில் வண்ண டீ-சர்ட் ஏற்றுமதி பெருகியபோது சாயப்பட்டறைகளும் பெருகின. 2000ஆம் ஆண்டையொட்டிச் சுமார் 700 பட்டறைகள் நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீரை விட்டுக்கொண்டிருந்தன.

வெளியூர்க்காரர் கண்ணில் முதலில் படுவது ஆற்றின் நிறம். விவசாயியைக் கொன்றது நிறமல்ல, உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால், சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குள் தள்ளிவிட ஒரு பொருள் வேண்டும். அதற்குத்தான் சாதா உப்பையோ கிளாபர் உப்பையோ மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். அடர்ந்த நிறமென்றால் ஒரு லிட்டர் சாயநீருக்கு அறுபது, எண்பது கிராம் வரை. சாயமாவது ஓரளவு துணியில் ஒட்டும். உப்பு ஒட்டாது. வேலை முடிந்ததும் போட்ட உப்பு அத்தனையும் அலசிய தண்ணீரோடு வெளியேறும். சாயமேற்றும் பழைய வின்ச் தொட்டிகளில் ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் போனது.

1990களின் பிற்பாதியில் ஆண்டிபாளையம், சின்னக்கரை, காசிபாளையம், மண்ணரை, வீரபாண்டி முதலிய இடங்களில் எட்டுப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. அவற்றில் சேராத பட்டறைகள் சொந்தமாகத் தொட்டி கட்டின. சுண்ணாம்பும் ரசாயனமும் கலந்து சாயத்தைக் கசடாகப் படியவைப்பது அங்கே நடந்த வேலை. நிறம் குறைந்தது, கரைந்த உப்பு கரைந்தபடியே ஆற்றுக்குப் போனது. வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைதிடப்பொருள், ஊரார் சொல்லும் டி.டி.எஸ்., இருக்கக் கூடாது என்பது விதி. அந்தத் தொட்டிகளுக்கு இதை எட்டும் திராணியே கிடையாது. 'சுத்திகரித்துத்தான் விடுகிறோம்' என்று ஆலைகள் சொன்னதும், 'கிணறு உப்பாகிவிட்டது' என்று விவசாயிகள் சொன்னதும் ஒரே நேரத்தில் சாத்தியமானது இதனால்தான். இந்தத் தொழில்நுட்ப உண்மையை அன்றே வெளிப்படையாகப் பேசியிருந்தால் பத்தாண்டு வழக்கு மிச்சமாகியிருக்கும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஒரத்துப்பாளையம்

திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைப் பகுதியில் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. செலவு பதினாறு கோடி ரூபாய்க்கு மேல். வானம் பார்த்த காடுகளைத் தோட்டமாக்கும் என்று ஈரோடு, கரூர் மாவட்ட ஆயக்கட்டுதாரர்கள் காத்திருந்த அணை அது.

சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது மழைநீரல்ல, நகரத்தின் சாயக்கழிவு. அணை என்றால் தண்ணீரைச் சேமிக்கும். இது விஷத்தைச் சேமித்தது. தேங்கிய உப்புநீர் மண்ணுக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் ஏறியது. மஞ்சளும் வாழையும் போட்டவர்கள் முதலில் பயிரை மாற்றினார்கள், பிறகு பயிரையே விட்டார்கள். தென்னைகள் குரும்பை உதிர்த்து மொட்டையாயின. மாடு வாய் வைக்காத தண்ணீரை மனிதன் என்ன செய்வான்? சொந்தக் கிணறு இருந்தும் குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் நிலை வந்தது.

தமிழ்நாட்டில் எந்த ஆயக்கட்டும் 'அணையைத் திற' என்றுதான் போராடும். இங்கே ஷட்டரைத் திறந்தால் கரூர் வரை வயல் கெடும், மூடினால் அணையோரக் கிராமங்கள் கெடும். தங்களுக்காகக் கட்டிய அணையின் தண்ணீர் தங்களுக்கு வேண்டாம் என்று அதன் பாசன விவசாயிகளே எழுதிக் கொடுக்கும்படி ஆனது. பொழுதுக்கும் தண்ணீரைப் பற்றியே பேசும் கொங்கு நாட்டில் இதைவிடப் பெரிய துக்கம் வேறு இல்லை.

நீதிமன்றப் படிகள்

முதலில் கரூர் வட்ட நொய்யல் விவசாயிகள் சங்கம் 1996இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று, பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிரான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும், தீங்கு வருமென்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளையும் அத்தீர்ப்பு இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு வந்ததும், சூழல் இழப்பை மதிப்பிட்டு ஈட்டுத்தொகை தரும் ஆணையம் அமைந்ததும் அதன் தொடர்ச்சியே. பாலாற்றுக்காரர் போட்ட பாதையில்தான் நொய்யல்காரர் நடந்தார்கள்.

அந்த ஆணையம் நொய்யல் படுகையில் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்து, 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. பங்கிட்டால் ஆளுக்குச் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு கிணறு வெட்டும் கூலிக்கே காணாத தொகை. ஆனாலும் 'உன் நிலம் கெட்டது உண்மை, கெடுத்தவர் இவர்' என்று அரசு முத்திரையோடு ஒரு தாள் கிடைத்தது; அதன் எடை ரூபாயில் அடங்காது.

2003இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் புதிய வழக்கைத் தொடுத்தது. அணையைச் சுத்தம் செய்யும் செலவு சாய ஆலைகளின் தலையில் விழுந்தது. 2006 டிசம்பர் 22 அன்று உயர் நீதிமன்றம், 2007 ஜூலை 31க்குள் கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்தும் வசதியை உருவாக்க வேண்டும் என்றும், அதுவரை விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி உயரும் அபராதம் கட்ட வேண்டும் என்றும் ஆணையிட்டது. சாய ஆலை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். அந்நியச் செலாவணி, லட்சக்கணக்கானோரின் வேலை என்பவை அவர்கள் வாதம். 2009 அக்டோபர் 6 தீர்ப்பு அதை ஏற்கவில்லை. தொழில் வேண்டும்தான், அடுத்தவர் நிலத்தையும் நீரையும் அழித்து அல்ல என்ற நிலைப்பாட்டை எடுத்து, மூன்று மாதக் கெடு வைத்தது.

கெடு போனது. கழிவு நிற்கவில்லை. விவசாயிகள் அவமதிப்பு மனுவோடு மீண்டும் வந்தார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் எல்லாச் சாய, சலவை ஆலைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. மின் இணைப்பைத் துண்டிக்கவும் சொன்னது.

2011க்குப் பின்

எழுநூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. துணி வெளியூர்களுக்குச் சாயமேற்றப் போனது. தொழிலாளர்கள் பலர் ஊரை விட்டுப் போனார்கள். வாடகை வீட்டில் குடும்பம் நடத்திய தையல்காரருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் நொய்யல் கடைமடை விவசாயி எதிரியல்ல. இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது, செய்ய வேண்டிய முதலீட்டைத் தள்ளிப்போட்ட ஆண்டுகள்தான். மாநில அரசு 2011இல் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில், ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) சவ்வு கழித்துவிடும் உப்புநீரைச் சுத்திகரித்துச் சாயத் தொட்டிக்கே திருப்பும் முறை வெற்றி பெற்றது. தண்ணீரில் பெரும்பகுதியும் உப்பில் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்க, ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. இன்று 'பூஜ்ஜிய வெளியேற்றம்' என்பதைத் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பெருமையாக வெளிநாட்டு வாங்குவோரிடம் சொல்கிறார்கள். கடைமடைக்காரர் விடாமல் வழக்காடி வாங்கித் தந்த பெருமை அது என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

மூடலின் இன்னொரு விளைவு, பட்டறைகள் பவானி, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் நகர்ந்து காவிரிக்கரையில் அதே தொல்லையைத் தொடங்கியது. பெருந்துறை சிப்காட் சுற்றுவட்டாரத்திலும் நிலத்தடி நீருக்காக மக்கள் போராட்டங்கள் எழுந்தன. நொய்யலிலும் மழை வெள்ளத்தோடு திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுவதும், நுரை பொங்குவதும், புகார் போவதும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

கசடு, சூளை, எரியூட்டி

ஆற்றுக்குப் போகாத கழிவு காற்றில் கரைந்துவிடுவதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தின் மறுமுனையில் இரண்டு பொருள்கள் மூட்டையாகின்றன: சாயம் படிந்த ரசாயனக் கசடு, பிரிக்க முடியாமல் கலந்துபோன கழிவு உப்பு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வரும் ரசாயனக் கசடு, 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் 35.3 என்ற எண்ணில் இருக்கிறது. சும்மா கொட்டவும் கூடாது, செங்கல் சூளைக்காரருக்குக் கொடுத்துவிடவும் கூடாது. பாதுகாப்பான குழியில் புதைப்பது ஒரு வழி. சிமென்ட் ஆலைச் சூளையில் சேர்த்து எரிப்பது மற்றொன்று. பல ஆண்டுகள் வளாகங்களில் குவிந்துகிடந்த திருப்பூர்க் கசடு இப்போது பெரும்பாலும் சிமென்ட் சூளைக்குத்தான் போகிறது.

சிமென்ட் சூளையில் வெப்பம் 1,400 பாகை செல்சியஸைத் தாண்டும். அபாயகரக் கழிவுக்கென்றே கட்டும் எரியூட்டியின் இரண்டாம் அறையில் 1,100 பாகைக்கு மேல் வாயுவை இரண்டு நொடியாவது நிறுத்திவைக்க வேண்டும். அவ்வளவு சூட்டில் டையாக்சின் என்ற கொடிய நச்சுப்பொருள் சிதைகிறது. ஆபத்து புகை ஆறும்போது: குளோரின் உள்ள கழிவென்றால், சுமார் 450க்கும் 200 பாகைக்கும் இடையில் மெதுவாகக் குளிரும் புகையில் டையாக்சின் மறுபடி உருவாகிவிடும். உப்பில் ஊறிய கசடு என்பதால் திருப்பூருக்கு இது ஏட்டுச் செய்தியல்ல. நிலைத்த கரிம மாசுகள் பற்றிய 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, கழிவு எரியூட்டிகளையும் அபாயகரக் கழிவை எரிக்கும் சிமென்ட் சூளைகளையும் டையாக்சின் பிறக்கும் இடங்களாக ஒருசேரக் குறிக்கிறது. எரிப்பவர் சூட்டையும் வடிகட்டியையும் அளவீட்டையும் நாள் தவறாமல் காட்டினால்தான் அக்கம்பக்கத்து ஊர் நம்பும். நம்பச் சொல்லிக் கேட்க வேறு உரிமை அவருக்கு இல்லை.

அந்த நம்பிக்கை இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூர் சான்று. போபால் யூனியன் கார்பைடு ஆலையில் மிஞ்சிய நச்சுக் கழிவை எரிக்க குஜராத்தின் அங்கலேஷ்வர் மறுத்தது. ஜெர்மனிக்கு அனுப்பும் திட்டம் 2012இல் கைவிடப்பட்டது. கடைசியில் 2025 ஜனவரி 1 இரவு, 337 டன் கழிவு பன்னிரண்டு கன்டெய்னர்களில் பீதம்பூருக்குப் புறப்பட்டது. இரண்டே நாளில் ஊர் கடையடைப்பில் இறங்க, இருவர் உடலில் தீப்பற்றிக் காயமடைந்தார்கள். நீதிமன்ற மேற்பார்வையில் சோதனை ஓட்டங்கள் நடந்து, ஜூன் 30 அன்று எரிப்பு முடிந்தது. சுண்ணாம்பு முதலியவை சேர்த்து எரித்ததால் மிஞ்சிய சாம்பலும் எச்சமும் 800 டன்னைத் தாண்டின. பிறகு அங்கே சண்டை அந்தச் சாம்பலை எங்கே புதைப்பது என்பதில். தமிழ்நாட்டில், சென்னைக் கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாம் என்று வடசென்னைக் குடியிருப்போர் 2025 மே மாதம் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அங்கே எரியவிருப்பது நகரக் குப்பைதான். ஆனால் கேட்ட கேள்வி பீதம்பூரின் கேள்வியே.

நொய்யல் படுகைக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் மக்கள் உண்ணாவிரதம் இருந்து கேட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டு, பவானித் தண்ணீர் 1,045 குளம் குட்டைகளுக்கு வரும் வழி திறந்தது. நிலத்தடியில் இறங்கிய பழைய உப்பை நீர்த்துப்போகச் செய்ய இப்படிப்பட்ட நல்ல தண்ணீர் ஆண்டுக்கணக்கில் ஊற வேண்டும். ஆனால் புதிய உப்பும் காத்திருக்கிறது: சிமென்ட் சூளை கசடை எடுத்துக்கொள்கிறது, கழிவு உப்பை எடுத்துக்கொள்ளாது. அது சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டைகளாக அடுக்கிக் கிடக்கிறது. கூரை ஒழுகி மழை பட்டால் கரையும். கரைந்தால் போகும் திசை ஒரத்துப்பாளையம்தான்.