பூவிருந்தவல்லியும் நாயக்கர் குலப் பகையும்

சில மாதங்களுக்கு முன் மாலை மத்ரஸாவில் பாடம் நடந்து கொண்டிருந்தபோது பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், நம் பூந்தமல்லியை இந்துக்களிடமிருந்து முஸ்லிம்கள் பறித்துக் கொண்டார்களாமே, உண்மைதானா?" என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் குரலில் சிறிது வெட்கமும் சிறிது பெருமிதமும் கலந்திருந்தன. இரண்டுக்குமே இங்கு இடமில்லை என்பதை அன்று அரைமணி நேரத்தில் அவனுக்கு விளக்க முயன்றேன். அதையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

தலைக்கோட்டைப் போருக்குப் பின் (1565) விஜயநகரம் தெற்கே நகர்ந்தது. பெனுகொண்டா, சந்திரகிரி, பின்னர் வேலூர் எனத் தலைநகரங்கள் மாறின. 1586 முதல் ஆண்ட வேங்கடபதி ராயர், சிதறத் தொடங்கியிருந்த நாயக்கர்களை ஓரளவு கட்டி வைத்திருந்தார். 1614 அக்டோபரில் அவர் மறைந்ததும் கட்டு அவிழ்ந்தது. ராயர் தம் தமையன் மகனான ஸ்ரீரங்கருக்கு முடி என்று சொல்லிச் சென்றிருந்தார். அரசியரில் ஒருத்தியோ வேறொரு குழந்தையைத் தன் மகனென்று அரண்மனையில் வளர்த்து வந்தாள். அவளுடைய உடன்பிறந்தான் கொப்பூரி ஜக்கராயர் அந்தப் பிள்ளையை அரியணையில் ஏற்றி, ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு சிறையிட்டார்.

எதிர்த்து நின்றவர் வெலுகோட்டி யாசம நாயக்கர். சிறையிலிருந்த இளவரசர்களில் ஒருவனான இராமதேவனை அழுக்குத் துணி மூட்டைக்குள் மறைத்து ஒரு வண்ணார் வெளியே கொண்டு வந்தார் என்று பராதாஸ் என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் 1616 டிசம்பரில் எழுதிய மடல் கூறுகிறது. ஒரு பேரரசின் வாரிசைக் காத்தவர் அவர். அவர் பெயரை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எஞ்சிய அரச குடும்பம் சிறையிலேயே அழிக்கப்பட்டது.

அதன்பின் தமிழகம் இரு கட்சியாகப் பிளந்தது. மதுரை நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் ஜக்கராயர் பக்கம். தஞ்சை இரகுநாத நாயக்கர் யாசமர் பக்கம். 1616 இன் இறுதியையொட்டிக் கல்லணைக்கு அருகே தோப்பூரில் நடந்த பெரும்போரில் ஜக்கராயர் மாண்டார். இராமதேவன் முடி சூடினான். பகை மட்டும் மாளவில்லை. ஜக்கராயரின் தம்பி எதிராசர் சண்டையைத் தொடர்ந்தார். பின்னர் அவருடைய மகளையே இராமதேவர் மணந்தார்! நேற்றுவரை வாளெடுத்து நின்றவர் மாமனாராகிவிட்டார்.

இதே ஆண்டுகளில் ஜப்பானிலும் இப்படியொரு கதை முடிவுக்கு வந்தது. 1467 முதல் குலத்தலைவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக் கொண்டிருந்த அந்நாட்டில், ஐந்து வயதில் தந்தை ஹிதேயோஷியை இழந்த ஹிதேயோரி ஒசாகாக் கோட்டையில் வளர்ந்து வந்தார். 1614 இல் முற்றுகையிட்டு 1615 இல் அக்கோட்டையை வீழ்த்தினார் தோக்குகாவா இயேயாசு. பிரபுக்கள் முறைவைத்துத் தலைநகருக்கு வரவேண்டும், மனைவி மக்கள் அங்கேயே இருக்கவேண்டும் என்று 1635 இல் அவருடைய பேரர் சட்டம் செய்தார். அக்குலத்தின் ஆட்சி 1868 வரை நின்றது. நம் பக்கத்தில் அப்படிக் கட்டுபவர் எவரும் எழவில்லை.

இனிப் பூந்தமல்லிக்கு வருவோம். யாசம நாயக்கரின் சகோதரியை மணந்தவர் தாமர்ல சென்னப்ப நாயக்கர். அவர் மக்களில் மூத்தவர் வேங்கடப்பர் வந்தவாசியிலும், தம்பி ஐயப்பர் பூந்தமல்லியிலும் இருந்து கடற்கரை நாட்டை ஆண்டனர். பழவேற்காட்டில் டச்சுக்காரர், சாந்தோமில் போர்த்துக்கீசியர். இருவருக்கும் ஓயாத பூசல். இடையிலிருந்த மணல்மேட்டை 1639 இல் ஆங்கிலேயருக்கு விட்டுக் கொடுக்க ஐயப்பர் வழி செய்தார். ஆங்கிலேயர் தரப்பில் பேசியவர் பிரான்சிஸ் டே. அங்கே எழுந்த ஊருக்குத் தந்தை பெயரால் சென்னப்பட்டணம் என்று பெயர் வந்தது. குதிரையும் துப்பாக்கியும் வாணிகமும் கிடைக்கும் என்பதுதான் நாயக்கரின் கணக்கு. பக்கத்துக் குலத்தை அடக்க அன்று எவருக்கும் அவை தேவைப்பட்டன.

1642 இல் மூன்றாம் ஸ்ரீரங்கர் பட்டத்துக்கு வந்தார். முந்திய அரசருக்கு எதிராகக் கிளர்ந்தவர் அவர். அவ்வரசரின் வலக்கையாயிருந்தவர் வேங்கடப்பர். புதிய அரசர் அவரைச் சிறை செய்தார். கோல்கொண்டாவுடன் உறவாடினார் என்பது குற்றச்சாட்டு. தமையனை மீட்கத் தம்பி ஐயப்பர் படை திரட்டினார்.

வீட்டுக்குள் சண்டை நடக்கையில் வாசலில் நின்றவர்தான் மீர் ஜும்லா. ஈரானின் அர்திஸ்தானிலிருந்து வந்து, வைர வாணிகத்தில் செல்வம் சேர்த்து, கோல்கொண்டா சுல்தான் அப்துல்லா குத்ப் ஷாவின் அமைச்சரானவர். அவர் படைகள் 1646, 1647 ஆம் ஆண்டுகளில் இப்பகுதியைக் கைக்கொண்டன. அதே வேளையில் தன் அரசரை எதிர்த்து நின்ற மதுரைத் திருமலை நாயக்கர் பீஜப்பூர் சுல்தானின் துணையை நாடினார். செஞ்சியைக் காக்க வந்த அப்படை, கோல்கொண்டாவோடு உடன்பாடு செய்து கொண்டு 1649 இல் செஞ்சியைத் தானே எடுத்துக்கொண்டது! பின்னர் பீஜப்பூரும் கோல்கொண்டாவும் பங்கு பிரிப்பதில் மோதின. மீர் ஜும்லாவோ 1656 இல் தம் சுல்தானையே கைவிட்டு முகலாயரிடம் போய்ச் சேர்ந்தார். அந்த முகலாயரே 1686 இல் பீஜப்பூரையும் 1687 இல் கோல்கொண்டாவையும் விழுங்கினர். இதில் மதம் எங்கே நிற்கிறது? முஸ்லிம் முஸ்லிமை வீழ்த்தினான். நாயக்கர் நாயக்கரை வீழ்த்தினார்.

இப்னு கல்தூன் இதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தம் முகத்திமாவில் பேசிய 'அஸபிய்யா' என்னும் குலப்பற்று இதுதான். அரசை எழுப்புவதும் அது, மூன்று தலைமுறையில் தளர்ந்து அரசைக் கவிழ்ப்பதும் அது என்பார் அப்பேரறிஞர். சென்னப்பர், அவர் மக்கள் என்று எண்ணிப் பார்த்தால் தாமர்லக் குலத்தின் கடற்கரை ஆட்சி இரண்டு தலைமுறையோடு முடிந்தது. அவர் சொன்ன மூன்றுக்கும் அது காத்திருக்கவில்லை.

1653 இல் மீர் ஜும்லாவின் பணியாளரும் அஸ்தராபாதைச் சேர்ந்த துல்பிகாரின் மகனுமான ருஸ்தம் பூந்தமல்லியில் ஒரு பள்ளிவாசல் கட்டினார். பாரசீகக் கல்வெட்டு அவரைக் குறிக்கிறது. மறு வெள்ளிக்கிழமை அச்சிறுவனிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் ஸ்ரீரங்க ராயர் என்ன ஆனார், ஹஜ்ரத்?" என்றான். மைசூரிலும் இக்கேரியிலுமாக, ஒரு காலத்தில் தமக்குக் கப்பம் கட்டியவர்களிடம் அடைக்கலம் தேடி, இழந்த நாட்டை மீட்கும் முயற்சியிலேயே அவர் காலம் கழிந்தது. தாமர்ல வழியினர் காளத்தி ஜமீன்தார்களாகத் தொடர்ந்தனர்.