வள்ளி வேடம் கட்டிய சிப்பாய்: போர்க்காலச் சிரிப்பு பற்றிச் சில குறிப்புகள்

1929இல் பிரிட்டனில் வெளிவந்த 'ஸ்பிலிண்டர்ஸ்' என்கிற ஒரு சிரிப்புப் படத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத வேண்டிய அவசியம் என்ன என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஹெர்பர்ட் வில்காக்ஸ் தயாரித்து ஜாக் ரேமண்ட் இயக்கிய அந்தப் படம் பேசும்படத்தின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது. கலைப் படைப்பு என்று அதை யாரும் தூக்கி வைத்துப் பேசுவதில்லை. நானும் பேசப்போவதில்லை. அதன் கதைப்பொருள்தான் என்னை இழுத்தது. முதல் உலகப் போரில், 1915இல், பிரான்ஸில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் சிலர் தங்களுக்குள்ளேயே ஒரு கலைக்குழு அமைத்தார்கள். 'சிவப்பும் கறுப்பும்' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் அதற்கு. அதில் நடித்த 'பெண்கள்' அத்தனை பேரும் சிப்பாய்கள். கவுன் மாட்டிக்கொண்டு, சாயம் பூசிக்கொண்டு, பதுங்கு குழியிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிற சக சிப்பாய்களைச் சிரிக்க வைத்தார்கள். போர் முடிந்த பிறகு அதே குழு 'ஸ்பிலிண்டர்ஸ்' என்ற பெயரில் லண்டன் மேடையேறி, வருஷக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றியது. பிறகுதான் அது படமானது. படம் ஓடியது என்பதற்குச் சாட்சி, 1931இல் கடற்படையிலும் 1937இல் விமானப்படையிலும் அதே கூத்தை வைத்து மேலும் இரண்டு படங்கள் வந்தன.

ஆணுறவு சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்த நாடு அது. ஆனால் சேலை கட்டினால் (அங்கே கவுன்) அது தேசபக்தியாகிவிடுகிறது, உள்ளே இருப்பது சிப்பாயாக இருக்கும் பட்சத்தில். உடுப்பை மாற்றிக்கொள்ளும் உரிமையை அரசு தன் வீரனுக்கு மட்டும் தற்காலிகமாக வழங்குகிறது.

அதே போரின் கடைசி ஆண்டான 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் 'தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை'யைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுபிள்ளைகளாகப் போய்ச் சேர்ந்தது அங்கேதான். அங்கும் வள்ளியும் சீதையும் பவளக்கொடியும் ஆண்பிள்ளைகள்தாம். பாய்ஸ் கம்பெனி என்றாலே அப்படித்தான். பையனுக்கு 'மகரக்கட்டு' உடைந்து குரல் தடித்துவிட்டால் அவனுடைய ஸ்திரீபார்ட் வாழ்க்கை முடிந்தது. வேறு வேடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான். லண்டனில் கைதட்டு வாங்கிய அதே செயலுக்கு இங்கே படித்த வர்க்கம் வைத்த பெயர் 'கூத்தாடித்தனம்'. நம் நவீனத்துவர்களும் தேசியவாதிகளும் இந்த விஷயத்தில் ஒரே குரலில்தான் பேசியிருக்கிறார்கள்.

ஆனால் நான் கேட்க வந்த கேள்வி இதுவல்ல. வெள்ளைச் சிப்பாய் போரில் எப்படிச் சிரித்தான் என்பதற்குப் படம் இருக்கிறது. மதுரைப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவன் எப்படிச் சிரித்தான்? அவனைச் சிரிக்க வைத்தது யார்?

இரண்டாம் உலகப் போரில் இந்தச் சிரிப்பு விவகாரம் நிறுவனமாகவே ஆகிவிட்டது. பிரிட்டிஷ் படைகளுக்குக் கலைநிகழ்ச்சி நடத்த 'என்சா' என்ற அமைப்பு 1939இல் வந்தது. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் அதை நிர்வகித்தவர் நடிகர் ஜாக் ஹாக்கின்ஸ். 1944இல் வேரா லின் பர்மா முனைக்கே வந்து பாடினார். இந்தியச் சிப்பாய்களுக்குத் தனியே 'ஃபௌஜி தில்குஷ் சபா' என்று ஒன்று. பெயரைப் பாருங்கள், இந்துஸ்தானி. உசிலம்பட்டிக்காரனுக்கும் மேலூர்க்காரனுக்கும் அந்தத் 'தில்குஷ்' எந்த மொழியில் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது ஊகிக்கக் கூடியதே.

பின்னாளில் பி.பி.சி. இந்தக் காலத்தை வைத்து ஒரு சிரிப்புத் தொடர் தயாரித்தது (1974-81). நாசிக் பக்கம் தேவ்லாலியில் தங்கியிருக்கும் ஒரு ராணுவக் கலைக்குழுவின் கதை. அதிலே இந்தியர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஏவலாள், ஒருவர் டீ விற்பவர், ஒருவர் பங்கா இழுப்பவர். அந்த ஏவலாள் வேடத்தில் நடித்தவரும் ஜான்சியில் பிறந்த மைக்கேல் பேட்ஸ் என்கிற வெள்ளைக்காரர், முகத்தில் சாயம் பூசிக்கொண்டு! பெண்ணாக வேடமிட ஆண், இந்தியனாக வேடமிட வெள்ளையன். இந்திய மண்ணில் நடக்கிற அந்தச் சிரிப்பில் இந்தியச் சிப்பாய் பார்வையாளனாகக்கூடக் கணக்கில் இல்லை.

சென்னை மாகாணத்தவன் சிப்பாய் ஆனதே ஒரு தனிக்கதை. 'போர்க்குடிகள்' என்ற கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு தமிழனைச் சண்டைக்கு லாயக்கில்லாதவன் என்று ஒதுக்கி, மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன்களை 1920களில் கலைத்தார்கள். ஜப்பான்காரன் வாசலுக்கு வந்ததும் கோட்பாடு பறந்துவிட்டது. ஆள் கொடுத்த மாகாணங்களில் சென்னை முன்வரிசைக்கு வந்தது. பெரும்பாலோர் போனது துப்பாக்கி பிடிக்க அல்ல. ரோடு போட, பாலம் கட்ட, சுமை இறக்க. அவர்கள் புறப்பட்டுப் போன மதுரைக் கிராமங்கள் பலவற்றில் கைரேகைச் சட்டம் அமலில் இருந்தது. ஒரே ஊரில் ஒருவன் ராஜாவின் சிப்பாய். இன்னொருவன் ராத்திரியானால் போலீஸ் ஸ்டேஷனில் போய் ஆஜராக வேண்டிய 'குற்றப் பரம்பரை'.

இந்த ஊர்களுக்குப் பர்மா தெரியாத நாடல்ல. செட்டியார் போனார், கணக்குப்பிள்ளை போனார், கூலி போனான். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் லட்சக்கணக்கானோர் காட்டுவழியே நடந்து வந்தார்கள்; வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேவகோட்டையில் துப்பாக்கிச் சூடு. திருவாடானையில் மக்கள் சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை விடுவித்தார்கள். காங்கிரஸ் 'வெளியேறு' என்றது, கம்யூனிஸ்ட் கட்சி 'மக்கள் யுத்தம்' என்றது, பெரியார் பிரிட்டனை ஆதரித்தார். 1939 செப்டம்பரில் மதுரைக்கு வந்துபோன சுபாஷ் போஸ் 1943இல் சிங்கப்பூரில் படை நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் படையிலும் தமிழன்தான், மலேயா ரப்பர்த் தோட்டத்திலிருந்து. இம்பால் பக்கம் இரண்டு பக்கமும் தமிழ் கேட்டிருக்கும்.

இத்தகைய மக்களைப் போருக்கு ஆதரவாகத் திருப்ப அரசு கையில் எடுத்தது சினிமாவை. கச்சா பிலிம் கட்டுப்பாட்டுக்குள் போனது. படம் 11,000 அடிக்கு மேல் நீளக் கூடாது என்றார்கள். தமிழ் சினிமா பாட்டுகளைக் குறைத்துக்கொண்டது சீர்திருத்தவாதிகளின் கண்டனத்தால் என்று நினைப்பவர்கள் இந்த அடிக்கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1943 செப்டம்பர் முதல் ஒவ்வொரு காட்சியிலும் அரசு அங்கீகரித்த 2,000 அடிப் படத்தைத் திரையிடுவது தியேட்டர்காரர்களின் கட்டாயக் கடமை. 'சிந்தாமணி' படத்தின் வசூலில் எழுந்த மதுரை சிந்தாமணி தியேட்டரிலும் சரி, விக்டோரியா எட்வர்டு மன்றத்துக்குள் மாலையில் ஆங்கிலப் படம் ஓட்டிய ரீகலிலும் சரி, காசு கொடுத்து உள்ளே போனவன் முதலில் சர்க்காரின் யுத்தத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

அப்புறம் 'போர் முயற்சி'ப் படங்கள். 1945இல் வரிசையாக வந்தன. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'பர்மா ராணி'யில் முதலாளி டி.ஆர். சுந்தரமே ஜப்பானிய அதிகாரியாக வேடம் போட்டார். 'மானசம்ரட்சணம்' எடுத்தவர் கே. சுப்பிரமணியம். அவருடைய 'தியாகபூமி'யைத் தடை செய்த அதே அரசுக்காக! இதைத் துரோகம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். பிலிம் சுருள் அரசின் பீரோவுக்குள் இருக்கிறபோது ஸ்டுடியோவை நம்பி நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன என்பதும் உண்மைதானே. எனக்கு உறுத்துவது வேறு. ஜெமினியிலிருந்து வந்த கொத்தமங்கலம் சுப்புவின் 'கண்ணம்மா என் காதலி' பர்மாவிலிருந்து ஓடிவருவதைப் பின்னணியாக வைத்துக் காதலும் நகைச்சுவையும் செய்தது. யாருடைய காலில் கொப்புளம் வெடித்ததோ அவர்களுக்கே அந்த நடையைச் சிரிப்பாக்கிக் காட்டுவது. துன்பத்தில் சிரிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 'ஸ்பிலிண்டர்ஸ்' சிப்பாய்களும் துன்பத்தில்தான் சிரித்தார்கள். ஆனால் அவர்கள் சிரித்தது தங்களைப் பார்த்து. இங்கே சிரிப்பு, ரேஷன் அரிசி மாதிரி, மேலிருந்து அளந்து போடப்பட்டது. (தமிழனை நிஜமாகவே சிரிக்க வைத்த என்.எஸ். கிருஷ்ணன் அந்த 1945இல் லட்சுமிகாந்தன் கொலைவழக்கில் சிறையில் இருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.)

இந்தப் போரைத் தமிழில் வேறு மாதிரி எழுத முடியும் என்று காட்டியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் பிறந்து, மெடானில் பிழைத்து, மதுரையில் ஒண்டிக்கட்டையாக வாழ்ந்து 1997இல் செத்துப்போன மனுஷர். 'புயலிலே ஒரு தோணி'யில் வீரம் இருக்கிறது. ஆனால் அந்த வீரத்தை உடனுக்குடன் கேலி செய்கிற ஒரு குரலும் கூடவே வருகிறது. போர்நிலத்தில் நின்றுகொண்டு மதுரைத் தெருக்களை நினைக்கிற அந்த நக்கல் எந்த அரசு பிலிமிலும் அடங்காது. நாவல் எழுதிப் பத்து வருஷம் போல ஆகியே 1972இல் அச்சானது.

சுதந்திர இந்தியாவும் சிப்பாய்களை மகிழ்விக்க ஆள் அனுப்பியது. 1965 போரின்போது சிவாஜி கணேசன், எம்.எஸ். விஸ்வநாதன் முதலானோர் எல்லைக்குப் போய் நிகழ்ச்சி நடத்திய கதை நமக்கு நன்றாகவே சொல்லப்பட்டிருக்கிறது. நட்சத்திரம் மேடையில், சிப்பாய் கீழே. அந்தப் புகைப்படத்துக்குள் சிப்பாய் எப்போதும் கைதட்டுகிறவன்தான்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தெருவில் ஒரு கிழவர் இருந்தார். பட்டாளத்துத் தாத்தா என்போம். மணிப்பூர்ப் பக்கம் ரோடு போடப் போனவர். வீரதீரக் கதை எதுவும் அவரிடம் கிடைக்காது. சப்பாத்தியைப் பற்றியும் அட்டைப் பூச்சியைப் பற்றியும்தான் பேசுவார். ஒருநாள் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தபோது, திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: "நாங்க அங்க போட்டோம்யா இத. தொரைமாருக்கு வேற கொட்டகை, பாட்டுக்காரி எல்லாம் வருவாளுக. நமக்கு யாரு வர்றா? மண்ணெண்ணெய் டின்னுதான் மிருதங்கம். பாய்ஸ் கம்பெனியில இருந்து தொண்ட ஒடைஞ்சு வந்த பய ஒருத்தன் இருந்தான். கொசுவலையச் சேலையாச் சுத்திவிட்டோம். ஆலோலம் பாடுனான் பாரு, தெலுங்குக்காரப் பயலுக எல்லாம் எந்திரிச்சு ஒக்காந்துட்டாய்ங்க."

இதை எந்த ஆவணத்திலும் வைத்துச் சரிபார்க்க எனக்கு வழியில்லை. ஒரு கிழவரின் பேச்சு, அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் கொசுவலைச் சேலையை என்னால் விட முடியவில்லை. கதையை நினைத்துப் பாருங்கள். தேவர்களின் படைத் தளபதி, ஒரு குறத்தியின் தினைப்புனத்துக்கு வந்து வேடனாகி, மரமாகி, பல்லுப்போன கிழவனாகித் தேனும் தினைமாவும் கேட்டுக் கெஞ்சுகிறான். பார்த்துக்கொண்டிருப்பவர்களோ பகல் முழுக்கத் தளபதிகளுக்குச் சலாம் போட்டவர்கள். இந்த இடத்தில் பக்தினை இழுத்து வந்து நான்கு பத்தி எழுதிவிடலாம், ஆசையும் இருக்கிறது. வேண்டாம். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கோட்பாடு கிடைக்கும் முன்பே ஒரு படம் கிடைத்தது. இவனுக்கு நேரே கோட்பாடுதான் என்றால் நன்றாக இல்லை.

அந்த வள்ளி அப்புறம் என்ன ஆனார் என்று தாத்தாவிடம் கேட்டேன். பேர்கூடச் சொன்னார், எனக்கு மறந்துவிட்டது. "என்ன ஆனான்னா? மறுநாக் காலையில கூடையத் தூக்கிக்கிட்டு வேலைக்கு வந்தான். கண்ணுல மை மட்டும் போகல" என்றார்.