அவகாட்ரோ அறியாத எண்

ரசாயன வகுப்பில் ஆசிரியர் ஒருநாள், "9 கிராம் நீரில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன?" என்று வினவினார். 18 கிராம் நீர் ஒரு மோல். எனவே 9 கிராம் அரை மோல். மோலின் அளவை 6.022 × 10²³ என்னும் அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் துகள்களின் எண்ணிக்கை கிடைக்கும். 3.011 × 10²³ என்று நான் உடனே விடை எழுதினேன். ஆயினும், கண்ணுக்குப் புலனாகாதவற்றை எண்ணியவர் யார் என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. அவகாட்ரோவே எண்ணியிருப்பார் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். மாணவ நண்பர்களே, அது தவறு.

இத்தாலிய நகரமாகிய டூரினில் 1776-ல் பிறந்த அவகாட்ரோ, முதலில் சட்டம் பயின்றவர். ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமமே என்று 1811-ல் அவர் கூறினார். எத்தனை என்று அவர் கூறவில்லை. ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் மூலக்கூறுகள் இரண்டாகப் பிரியக்கூடியவை என்பதும் அவர் கருத்து. ஒரே தனிமத்தின் அணுக்கள் தம்முள் இணையமாட்டா என்று நம்பியோர் இதனை ஏற்கவில்லை.

விளைவு என்ன? நீரில் ஓர் ஆக்சிஜன் அணுவுக்கு ஹைட்ரஜன் அணு ஒன்றா, இரண்டா என்பது தீராத வழக்காயிற்று. ஒன்று எனக் கொண்டோர் ஆக்சிஜனின் அணு எடையை 8 என்றனர். இரண்டு எனக் கொண்டோர் 16 என்றனர். முன்னவர் கணக்கின்படி, என் அரை மோல் நீர் முழு மோலாகிவிடும். பெருக்கி வரும் விடையும் இரு மடங்காகிவிடும்!

1860-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ரசாயன அறிஞர்கள் கூடினர். அவகாட்ரோவின் கொள்கையைக் கொண்டே அணு எடைகளை ஒழுங்குபடுத்தலாம் என்று கன்னிஸாரோ அங்கே வாதாடினார். அவர் எழுதிய சிறுநூலைப் படித்தோர் மனம் மாறத் தொடங்கினர். ஆனால் அவகாட்ரோ 1856-லேயே மறைந்துவிட்டார்.

எண்ணும் பணிக்கு வழி திறந்தவர், 1865-ல் வாயு மூலக்கூறின் அளவைக் கணித்த வியன்னா அறிஞர் லோஷ்மிட். பின்னர், 1908 முதல், பிரெஞ்சு விஞ்ஞானி ழான் பெரின் நீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்களை நுண்ணோக்கியால் மட்டத்துக்கு மட்டம் எண்ணினார். உயரே செல்லச் செல்லக் காற்று குறைவது போலவே அத்துகள்களும் குறைந்தன. துகளின் எடையை அவர் அறிந்திருந்தார். ஆகவே அக்குறைவை அளந்து, ஒரு மோலில் எத்தனை மூலக்கூறுகள் என்று கணிக்க முடிந்தது. அவ்வெண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டியவரும் அவரே. 1926-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2019 மே 20 முதல், மோல் என்பதே 6.02214076 × 10²³ துகள்கள் என்று வரையறுக்கப்பட்டுள்ளது.

நான் ஒரு வரியில் எழுதிய விடைக்குப் பின்னே ஒரு நூற்றாண்டின் உழைப்பு நின்றது. அதை அறிந்து பெருக்குங்கள், எண் மறக்காது.