கரிச் சுரங்கம் வளர்த்த கழகம்
லான்ஸ் காற்பந்தாட்டக் கழகத்தின் வரலாறு

பிரெஞ்சு நாட்டின் வட பகுதியில், பெல்ஜிய எல்லைக்கு அண்மையில், லான்ஸ் என்னும் நகர் உள்ளது. அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 32,000. அந்நகரிலுள்ள காற்பந்தாட்ட அரங்கிலோ 38,000 பேர் அமரலாம். ஊரார் அனைவரும் ஒருங்கே வந்து அமர்ந்தாலும் இடம் எஞ்சும். இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய அரங்கு எவ்வாறு வாய்த்தது? இவ்வினாவுக்கு விடை காணப் புகுவோர் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியின் வரலாற்றைக் காணுதல் வேண்டும்.

தோற்றம்

லான்ஸ் சுரங்கக் கம்பெனி 1852ஆம் ஆண்டில் தோன்றியது. சிற்றூராக இருந்த லான்ஸ் அதன் பின்னர்த் தொழிலாளர் நகராக வளர்ந்தது. 1906ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், லான்சுக்கு அடுத்திருந்த கூரியேர் கம்பெனியின் சுரங்கங்களில் பெருவெடிப்பு நேர்ந்து 1,099 பேர் மாண்டனர். ஐரோப்பாவின் சுரங்க விபத்துகளுள் இதனினும் கொடியது வேறில்லை. அதனைத் தொடர்ந்து வெடித்த வேலைநிறுத்தத்தை அடக்க அரசாங்கம் படைகளை அனுப்பியது. துயரும் சினமும் நிறைந்த அதே ஆண்டில், நகரின் இளைஞர் சிலர் கூடி ஒரு காற்பந்தாட்டக் கழகத்தைத் தொடங்கினர். அவர்கள் கூடியாடிய இடம் ‘பசுமைத் திடல்’ எனப்பட்டது. ஆகவே, திடலுக்குப் பச்சையும் கரிக்குக் கறுப்பும் கழகத்தின் முதல் நிறங்களாயின.

முதலாம் உலகப் போரில் நான்காண்டுக் காலம் செருமானியர் பிடியில் கிடந்த லான்ஸ், 1918இல் கற்குவியலாகவே மீண்டது. சுரங்கங்களும் நீரில் மூழ்கிக் கிடந்தன. நகரம் மீண்டும் எழுந்த 1920களில்தான் கழகம் சிவப்பும் பொன்னிறமும் பூண்டது. 1659 வரை இப்பகுதி இசுப்பானிய ஆட்சிக்குட்பட்டிருந்தமையால், அந்நாட்டுக் கொடியின் நிறங்களே இவை என்பது வழிவழிக் கதை. பொதுமக்களோ இவற்றைக் ‘குருதியும் பொன்னும்’ என்றே வழங்கலாயினர். கரிச் சுரங்கத் தொழிலாளர்க்கு இப்பெயரின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

கம்பெனியின் கொடை

போரில் மாண்டோரின் இடத்தை நிரப்ப ஆட்கள் வேண்டியிருந்தனர். 1919இல் பிரான்சும் போலந்தும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி போலந்துத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்தனர். 1931இல் பிரான்சில் வாழ்ந்த போலந்தியர் தொகை 5 லட்சத்தை எட்டியது. அவர்களுட் கணிசமானோர் வடபகுதிச் சுரங்க ஊர்களில் குடியேறினர்.

குடியிருக்கும் வீடும், பிள்ளைகள் பயிலும் பள்ளியும், வழிபடும் கோவிலும் கம்பெனியுடையவை. விளையாட்டும் அவ்வாறே ஆயிற்று. பொருளாதார மந்தத்தால் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளரைக் கொண்டே கம்பெனி ஓர் அரங்கம் கட்டி, 1933இல் திறந்தது. கம்பெனியின் உயர் அதிகாரி பெலிக்ஸ் பொல்லேரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே கழகம் தொழில்முறைக் கழகமாயிற்று. தொழிலாளர் மனத்தைச் சங்கங்களின்பால் செல்லவிடாது கம்பெனியோடு பிணித்து வைப்பதே இக்கொடையின் உள்நோக்கம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

கொடுத்தவர் நோக்கம் எதுவாயினும், பெற்றவர் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். மண்ணின் மேல் போலந்தியன் என்றும் அந்நியன் என்றும் ஒதுக்கப்பட்டவன், ஆட்டத்திடலில் ஊர்ப்பிள்ளையானான். ‘ஸ்டானிஸ்’ என வழங்கப்பட்ட ஸ்டெபான் டெம்பிக்கி, 1942இல் ஒரே ஆட்டத்தில் 16 கோல் போட்டார். அன்று லான்ஸ் 32–0 என்னும் கணக்கில் வென்றது. போலந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகனான மரியான் விஸ்னியெவ்ஸ்கி, 1958 உலகக் கிண்ணத்தில் மூன்றாமிடம் பெற்ற பிரெஞ்சுக் குழுவில் ஆடினார். அல்ஜீரியாவில் பிறந்த அகமது உஜானி, 1963–64இல் 30 கோல் அடித்து முதற்பிரிவிலேயே முதலிடம் பெற்றார். இவர்கள் பெயரைப் பிரெஞ்சு நாவுகள் உச்சரிக்கப் பழகிய பள்ளிக்கூடம் லான்ஸ் அரங்கமே எனலாம்.

கைவிடப்பட்ட காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. அரசுச் சுரங்க நிறுவனம் கழகத்தைத் தொடர்ந்து பேணியது. ஆனால் 1960களில் எண்ணெயும் இறக்குமதிக் கரியும் மலிந்தன. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1968இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. புரவலரும் கைவிட்டமையால், அடுத்த ஆண்டு தொழில்முறைத் தகுதியையே துறக்க நேர்ந்தது.

கழகத்தின் வரலாறு அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. நகரத் தலைவர் ஆந்திரே தெலெலிஸ் நகராட்சியின் பொறுப்பில் கழகத்தைத் தாங்கினார். அரங்கம் கம்பெனியின் கையினின்று ஊரின் கைக்கு மாறியது. 1973இல் லான்ஸ் முதற்பிரிவுக்கு மீண்டது. 1975இல் பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டம் கண்டது. 1977இல் முதற்பிரிவில் இரண்டாமிடம் பெற்றது. இதற்கிடையே, 1974 டிசம்பர் 27ஆம் நாள் அண்டை ஊரான லியேவானில் நேர்ந்த சுரங்க வெடிப்பு 42 உயிர்களைக் குடித்தது. கழகத்தின் ஏற்றமும் ஊரின் துயரும் அப்போதும் அருகருகேதான் நடந்தன.

கரி ஒழிந்த பின்

1990 டிசம்பர் 21ஆம் நாள், வாஞி என்னும் ஊரில், வட பிரெஞ்சுச் சுரங்கங்களின் கடைசிக் கரி மேலே வந்தது. ஏழாண்டுகளுக்கு மேல் சென்றன. 1998 மே 9ஆம் நாள், ஓசேர் நகரில் 1–1 என ஆட்டத்தைச் சமமாக முடித்து, லான்ஸ் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பிரெஞ்சு வாகையர் பட்டம் வென்றது. மெஸ் கழகமும் அதே 68 புள்ளிகளே பெற்றிருந்தது. கோல் வேறுபாடே வெற்றியை முடிவு செய்தது. அக்குழுவைப் பயிற்றிய தானியேல் லெக்லேர், 1970களில் லான்ஸ் குழுவிலேயே ஆடியவர். கரி செழித்த காலத்தில் கிட்டாத முடி, கரி அற்ற பின்னரே கிட்டியது.

பின்னரும் தாழ்வுகள் வந்தன. 2008இலும் 2011இலும் 2015இலும் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2020இல் மீண்ட லான்ஸ், 2023இல் ஒரே புள்ளி வேறுபாட்டில் பாரிசுக் கழகத்திடம் பட்டத்தை இழந்தது. தாழ்ந்தபோதும் அரங்கம் வெறிச்சோடவில்லை. இடைவேளையில் ஆயிரமாயிரம் மக்கள் எழுந்து நின்று, பியேர் பாஷலே 1982இல் வெளியிட்ட, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பைப் பற்றிய பாடலை ஒரே குரலில் பாடுகின்றனர். அவர்களுள் சுரங்கத்தில் இறங்கியோர் இன்று மிகச் சிலரே. தந்தையும் பாட்டனும் இறங்கியதை அவர்கள் மறக்கவில்லை.

2012இல் தெலெலிஸ் மறைந்தபின் அரங்கம் ‘பொல்லேர்–தெலெலிஸ்’ எனப் பெயர் பெற்றது. ஒருவர் கம்பெனியின் அதிகாரி; மற்றவர் மக்கள் தேர்ந்த நகரத் தலைவர். கட்டிக் கொடுத்தவர் பெயரும் காத்து நின்றவர் பெயரும் ஒரே வாயிலில் பொறிக்கப்பட்டுள்ளன. கழகத்தின் நூற்றாண்டு வரலாறு அவ்விரு பெயர்களுக்கும் இடையே அடங்கிவிடும். எனினும் அரங்கத்தைத் தம் கையால் எழுப்பிய சுரங்கத் தொழிலாளர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் வாரந்தோறும் அங்கு வந்து நிரம்புவதே அவர்களுக்குரிய கல்வெட்டு.