பித்தளை நட்சத்திரம்

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு ஒரு நட்சத்திரத்தையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். ஆறு முனை உள்ள நட்சத்திரம். சிறுவனாக இருந்த எனக்கு அது ஏதோ சுவாமி சம்பந்தப்பட்ட வஸ்து என்று எண்ணம். இரண்டாவது மகாயுத்தத்தில் பர்மாப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த 'பர்மா ஸ்டார்' பதக்கம் அது என்பதும், செம்பும் துத்தநாகமும் கலந்து வார்த்தது, அதாவது நம் வீட்டுப் பித்தளையின் ஜாதிதான் என்பதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அத்தை எதையும் படிக்காமலே உலோகத்தைச் சரியாகக் கண்டுபிடித்துப் புளியை எடுத்திருக்கிறாள்!

அவளுடைய புருஷரைப் 'பட்டாளத்து மாமா' என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். உறவு ஒன்றும் கிடையாது. வட ஆற்காட்டுப் பக்கம் இப்படிப் 'பட்டாளத்து' அடைமொழியோடு தெருவுக்கு ஒருவராவது இருப்பார். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். ராணுவத்துக்கு ஆள் அனுப்பியே பெயர் வாங்கிய ஊர் அது.

ஆனால் தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று வெள்ளைக்காரத் தளபதிகள் ஒரு காலத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ் பிரபு இந்த அபிப்பிராயத்தில் மிகவும் உறுதியானவர். வடக்கே 'வீரப் பரம்பரைகள்' இருக்கின்றனவாம், தெற்கே இல்லையாம். இதன் பலனாகச் சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1920களின் முடிவில் காலாட்படை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. பாலம் கட்டவும் பாதை போடவும் பெங்களூரில் இருந்த 'சாப்பர்' படை ஒன்றுதான் தப்பியது. பிறகு 1939 வந்தது. அப்போது இந்தியப் படையில் சுமார் 2 லட்சம் பேர். 1945-ல் 25 லட்சம் பேர். இரண்டை இருபத்தைந்தாக்க வேண்டிய அவசரத்தில் பரம்பரை பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? தென்னாட்டான் திடீரென்று வீரனாகிவிட்டான்.

மாமா சேர்ந்தது 1942-ல். ஜப்பான்காரன்மேல் கோபம் கொண்டு போனார் என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். அந்த வருஷம் மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி வருவது நின்றது. ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும், சென்னைப் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடி வந்தார்கள். எங்கள் ஊர் நெல் விலை ஏறியது, கூலி ஏறவில்லை. சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் அப்போது மாதம் இருபது ரூபாய்க்குள்தான் என்றாலும் சாப்பாடும் துணியும் சர்க்கார் பொறுப்பு. வீட்டில் ஒரு வாய் குறையும். கல்யாணமாகி ஒரு வருஷங்கூட ஆகாத அந்த மனுஷர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

"எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா?" என்று நாங்கள் கேட்போம்.

"பாலம் கட்டினேன்டா" என்பார். எங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

அந்தப் பாலத்தின் பெருமை எங்களுக்கு அப்போது எங்கே தெரியும்? 1944 டிசம்பரில் கலேவா என்ற இடத்தில் சிந்துவின் ஆற்றின்மேல் கட்டிய இரும்புப் பாலம். நீளம் 1,154 அடி. அந்த வகைப் பாலங்களில் அன்றைக்கு உலகத்திலேயே நீளமானது. அதற்குச் சட்டமும் பலகையும் சுமந்த தோள்களில் மாமாவின் தோளும் ஒன்று. ஸ்லிம் துரையின் பதினான்காவது படை அதன்மேல்தான் ஆற்றைக் கடந்து போயிற்று.

துப்பாக்கியைவிடக் கொசுதான் அங்கே பெரிய சத்துரு. 1943-ல் காயம்பட்டு வெளியேறியவன் ஒருவன் என்றால், நோயில் விழுந்து வெளியேறியவர்கள் 120 பேர் என்று ஸ்லிம் தம் புத்தகத்தில் கணக்குச் சொல்கிறார். தினம் ஒரு மஞ்சள் மாத்திரையை அதிகாரியின் கண்ணெதிரே விழுங்க வேண்டும். விழுங்கி விழுங்கி உடம்பே மஞ்சளாகிவிடுமாம். "மஞ்சள் குளிச்ச பொம்பிளை மாதிரி இருந்தோம்" என்று மாமா சிரிப்பார். அத்தை சிரிக்கமாட்டாள்.

அத்தையின் யுத்தத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் யாரும் இல்லை. ஆகையால் அவளே என் தாயாரிடம் சொல்லக் கேட்டதை எழுதுகிறேன். புருஷன் சம்பளத்தில் ஒரு பங்கு குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டு மாதாமாதம் மணியார்டரில் வரும். தெருவார் அதைப் பார்த்து, "பணம் வந்திடுச்சு, ஆள் சுகமா இருக்கார்" என்பார்கள். அத்தைக்கு அந்த ஆறுதல் இல்லை. பணம் அனுப்புவது கணக்கு ஆபீஸ், அவர் கை அல்ல என்று தபால்காரர் அவளுக்கு விளங்கச் சொல்லியிருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனாலும் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கடிதம் வந்தாலும் எந்த ஊர் என்று இருக்காது. தணிக்கைக்காரர் அடித்த இடங்கள் கறுப்பாக இருக்கும். பள்ளிக்கூட வாத்தியார் வாசித்துக் காட்டுவார். எல்லாருக்கும் எதிரில் வாசிக்கும் கடிதத்தில் புருஷன் பெண்சாதிக்கு என்ன எழுத முடியும்? "மாடு எப்படி இருக்கிறது" என்று எழுதியிருப்பார்.

அந்த மாட்டை அவள்தான் வாங்கினாள். மணியார்டரில் மிச்சம் பிடித்து ஓர் எருமை, பால் விற்று இன்னொன்று. மாமனாரின் கடனில் பாதி அடைந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு 1946-ல் இரும்புப் பெட்டியும் கம்பளியுமாக மாமா வந்து இறங்கியபோது வீடு அவள் கையில் நடந்துகொண்டிருந்தது.

பதினைந்து வருஷம் சேவித்தவனுக்குத்தான் பென்ஷன். யுத்தத்துக்காகச் சேர்ந்து யுத்தம் முடிந்ததும் விடுவிக்கப்பட்ட லட்சக்கணக்கானவர்களுக்குக் கையில் ஒரு தொகை, ஒரு சர்ட்டிபிகேட், பதக்கம். தொகை மீதிக் கடனுக்குப் போயிற்று. சர்க்கார் இவர்களை அடியோடு மறந்துவிட்டது என்று சொன்னால் அநியாயம். அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த வயநாட்டில் காட்டைத் திருத்தி, முன்னாள் சிப்பாய்களைக் குடியேற்றும் திட்டம் ஒன்று வந்தது. அம்பலவயல், சுல்தான் பத்தேரிப் பக்கம் அப்படி நிலம் பெற்றுக் குடியேறியவர்கள் உண்டு. மாமாவுக்கும் போக ஆசை. சொந்த மண் என்று ஒன்று அவருக்கு இருந்ததே இல்லை.

வயநாடு அந்த நாளில் மலேரியாவுக்குப் பேர் போனது. மாமாவுக்கோ ஊர் திரும்பியும் இரண்டு மூன்று வருஷம் அந்தக் குளிர்காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. நாலு கம்பளி போட்டு அமுக்கினாலும் கட்டில் ஆடும். "ஒரு காட்டிலேருந்து உங்களை மீட்டது போதும், இன்னொரு காட்டுக்கு அனுப்பமாட்டேன்" என்று அத்தை எருமைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். போகவில்லை. மாமா ஓர் அரிசி ஆலையில் ராக்காவல் பார்த்தார், இருபது வருஷத்துக்கு மேல். ஏதாவது மனஸ்தாபம் வந்தால், "வயநாட்டிலே இந்நேரம் மிளகு காய்ச்சிருக்கும்" என்பார். அதற்கு மறுநாள் வரை அவர்களுக்குள் பேச்சு இராது. யார் சொன்னது சரி என்று நான் இன்றளவும் யோசிக்கிறேன். போய்ப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். போய்ச் செத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அவர் காலமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு, பென்ஷன் இல்லாத உலக யுத்தச் சிப்பாய்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் மாநில சர்க்கார் மாதாமாதம் ஓர் உதவித்தொகை கொடுப்பதாகக் கேள்விப்பட்டு, மனு எழுத அத்தை என்னைக் கூப்பிட்டாள். நட்சத்திரத்தைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தாள். இது போதாது, விடுவித்த சர்ட்டிபிகேட் வேண்டும் என்றேன். இரும்புப் பெட்டியைத் திறந்து, கம்பளிக்குள் வேப்பிலையோடு சுற்றி வைத்திருந்த காகிதத்தை எடுத்தாள். ஐம்பது வருஷமாக அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் யாரையும் கேட்டதில்லையாம்.

வாசித்துச் சொன்னேன். நம்பர், பெயர், சேர்ந்த தேதி, விடுவித்த தேதி. நடத்தை: மிக நன்று.

"காய்ச்சலைப் பத்தி எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லை, அத்தை."

"நல்லாப் பாரு, தம்பி."

திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன்.